கண்ணைப் பாத்துக்க

"அழுறத மொதல்ல நிறுத்தும்மா! நீ அழுதா அவரு எந்திரிச்சு உக்காந்துருவாரா?"

நர்ஸ் லீலாவதி சத்தம் போட்டதும் பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை கீழே இறங்குவதற்குள் கண் மறுபடியும் நிறைந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இதே கதைதான்.

கட்டிலில் அவள் புருஷன் அழகேசன். கையையும் காலையும் துணியால் கட்டிப் போட்டிருந்தார்கள். "மாட்டப் புடிங்கடா, பருத்திய மேயுது பாரு" என்று கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"புத்தி பெரண்டுருச்சுங்களா சிஸ்டர்?"

"போட்ட ஊசி அப்படித்தான் பேச வைக்கும். கத்தட்டும், நல்லதுதான். சத்தமில்லாம கெடந்தாத்தான் பயம்."

தொண்ணூற்றெட்டில் அந்தப் பக்கமெல்லாம் காய்ப்புழு கொஞ்சநஞ்சமில்லை. குரும்பலூரைத் தாண்டிக் குத்தகைக் கொல்லையில் பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அழகேசன், கடைசி டேங்க் தீருவதற்குள் வரப்பிலே சுருண்டு விழுந்துவிட்டான். வாயெல்லாம் நுரை. பச்சையம்மாள் ஒற்றை ஆளாக அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்து, வெங்காயம் ஏற்றிப் போன லாரியை மறித்து, பெரம்பலூரில் இந்தச் சின்ன நர்சிங் ஹோமில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

பருத்திக் காலம் வந்தாலே வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வந்து விழுவார்கள். அழகேசன் வந்த உடனே லீலாவதி அவன் துணியை எல்லாம் உருவிவிட்டு, சோப்புப் போட்டுத் தலையோடு காலாகக் கழுவினாள்.

"மூக்குல துண்டு கட்டிக்கிட்டுத்தாங்க அடிச்சாரு" என்றாள் பச்சையம்மாள், செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே.

"மூக்க மூடுனா ஆச்சா? தோல் வழியாவே உள்ள போயிரும். ஆமா, நீயும் மருந்தடிச்சியா?"

"ஐயே! பொம்பளைங்க எங்கங்க மருந்தடிக்கிறது? நான் டிரம்முல கையவிட்டுக் கலக்கி மொண்டு குடுத்ததோட சரி."

அந்த நேரம் பார்த்து அழகேசனுக்கு மூச்சு இழுத்தது. லீலாவதி ஊசியை எடுக்க ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலேயே, "அந்தச் சட்டையக் கடாசு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இருக்கறதே ரெண்டு சட்டைதாங்க. தொவச்சாப் போயிரும்" என்று பச்சையம்மாள் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

ஊசி போட்ட பிறகுதான் லீலாவதி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "கண்ணைப் பாத்துக்க. கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கு பாரு, அதான் வெசம். ரொம்ப வேர்த்தாலோ எச்சி ஒழுகுனாலோ ஓடியாந்து சொல்லு. கருமணி விரிஞ்சுருச்சுன்னா ஜெயிச்சுட்டோம்."

பச்சையம்மாள் அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டாள். ராத்திரி பூராவும் இமை கொட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவள் ரெண்டு தரம் ஓடிவந்து சொல்லித்தான் டாக்டர் அன்பழகன் ஊசியைக் கூட்டினார். அவள் மட்டும் இல்லையென்றால் அவன் விடியுமுன்பே போய்ச் சேர்ந்திருப்பான்.

இப்போது மணி பதினொன்று. "கருமணி எப்படியிருக்கு? கொஞ்சம் விரிஞ்சிருக்கா?" என்றாள் லீலாவதி.

"மங்கலாத் தெரியுதுங்க சிஸ்டர்."

"தெரியாம என்ன செய்யும்? இப்படி விடிய விடிய அழுதா கண்ணு என்னத்துக்கு ஆவும்? இந்தா, ரெண்டு இட்லி தின்னு."

"வேணாங்க. வவுத்தப் பெரட்டுது."

புருஷன் இப்படிக் கிடக்கும்போது யாருக்குத்தான் சோறு இறங்கும்? லீலாவதி வற்புறுத்தவில்லை. "சரி, செத்த நேரம் படு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். கட்டிலுக்குக் கீழேயே பச்சையம்மாள் புருஷன் சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு அழகேசனுக்குத் தெளிந்தது. "நாக்கு ஒட்டுது, தண்ணி குடுங்க" என்றான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருமணி ரெண்டும் நன்றாக விரிந்திருந்தன.

"தப்பிச்சுட்டாரு" என்றார்.

லீலாவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து, "யம்மா, எந்திரி! ஜெயிச்சுட்டோம்! உன் புருஷன் தண்ணி கேக்குறாரு பாரு!" என்றாள்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். சேலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தலைமாட்டுச் சட்டையில் எச்சில் ஒழுகிக் கிடந்தது.

"டாக்டர்!"

அன்பழகன் தரையில் உட்கார்ந்து பச்சையம்மாளின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். ரெண்டு கருமணியும் கடுகாகச் சுருங்கிக் கிடந்தன. நெஞ்சை அமுக்கினார், ஊசி போட்டார், மறுபடியும் அமுக்கினார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

லீலாவதி சுவரில் சாய்ந்தாள். "நேத்துலேருந்து அழுதுகிட்டே இருந்துச்சு டாக்டர்..."

கட்டிலில் கட்டுண்டு கிடந்தவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியவில்லை. அவர்கள் பேசியது காதில் விழுந்ததும் வறண்ட உதட்டோடு லேசாகச் சிரித்தான்.

"யாரு, பச்சையம்மாளா? அவ அழவே மாட்டாளே சிஸ்டர்!"