துரை பிரித்த ஜோடி

“கைய எடுடா! அது தீர்த்தக் கிண்ணம்.”

“உப்புக் கிண்ணம்க்கா! கோயம்புத்தூர் பழம்பொருள் வியாபாரி லென்ஸ் வச்சுப் பாத்துச் சொல்லிட்டாரு. லண்டன்ல செஞ்சது. வெள்ளி, மேல தங்க முலாம். துரைங்க மேஜைல உப்பு வைக்கிறது!”

தெருவே கேட்டது. குன்னூரில் எங்கள் தெருச் சுவர்கள் மெல்லியவை. எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

செசிலி நிலைப்படியை மறித்து நின்றாள். தலைக்குப் பக்கத்தில், கம்பி வளையத்தில் உட்கார்ந்திருந்தது கிண்ணம். சிப்பி வடிவம். விரல் பட்டுப் பட்டு விளிம்பில் முலாம் வெளுத்திருந்தது.

முப்பது வருஷமாக அதில் விரல் நனைத்துத்தான் அந்த வீட்டில் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அவள் அப்பா, பட்லர் ஞானப்பிரகாசத்தின் சவப்பெட்டிமேல் தீர்த்தம் தெளித்ததும் அதிலிருந்துதான்.

உப்புக் கிண்ணமாம்.

ஞானப்பிரகாசம் வேலை பார்த்த எஸ்டேட் துரையின் பாட்டிக்குக் கல்யாணப் பரிசாக வந்த ஜோடி அது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு. அம்மாவிடமிருந்து துரைக்கு. எஸ்டேட்டை விற்றுக் கப்பலேறும்போது அவர் பட்லருக்கு ஒன்று, சமையல்காரர் மாரப்பனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ரொம்ப நியாயஸ்தர்.

மாரப்பன் வீடு எதிர்வீடு. அங்கே அது குங்குமக் கிண்ணம்.

“ஒத்தையா வேணாமாம். ஜோடியாத்தான் வாங்குவாராம்,” என்றான் தம்பி லியோ. “நான் எதிர்வீட்ல கேட்டுக்கறேன்.”

செசிலியின் கை முந்தானையைச் சரிசெய்யப் போனது.

எதிர்வீட்டில் இப்போது இருப்பது மாரப்பன் மகன் தணிகாசலம். ஐம்பதைத் தொடப்போகிறார். கல்யாணம் ஆகவில்லை. செசிலிக்கு நாற்பத்தாறு. அவளுக்கும் ஆகவில்லை.

ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? ஒரே மேஜைக்குச் சமைத்துப் பரிமாறிய இரண்டு அப்பன்மார். இவர்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது மட்டும் ஒருவர் சர்ச் என்றார், ஒருவர் கோயில் என்றார்.

லியோ தெருவைக் கடந்தான். பதினொரு எட்டு. எண்ணி வைத்திருக்கிறோம்.

தணிகாசலம் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். சண்டை முழுவதும் கேட்டிருக்கும். விரலெல்லாம் குங்குமம்.

லியோவைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“விக்க மாட்டேன் தம்பி. சேக்கணும்னா சேத்துக்கலாம்.”

எதிர்ப்புறம் செசிலி தீர்த்தத்தில் விரலை விட்டாள்.

சிலுவை போட மறந்துவிட்டாள்.

லியோ மைசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த கல்யாணத்துக்கு வரவில்லை. கேசரியும் அவனுக்கு இல்லை.

செசிலியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். பதினொரு எட்டு.

போன வாரம் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தோம். வாசலில் வேளாங்கண்ணியில் வாங்கிய பிளாஸ்டிக் தீர்த்தச் சிப்பி. முருகன் படத்தடியில் ஒரு பித்தளைச் சிமிழ்.

சாப்பாட்டு மேஜையில் அந்த இரண்டும், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு.

இரண்டிலும் கல்லுப்பு.