இரண்டு குப்பிகள்

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவ முகாமில் ஆளுக்கொரு குப்பி கொடுத்தார்கள். சிங்காரம் அருவருத்து மறுத்துவிட்டார். அவர் மனைவி மரகதம், சண்டை வேண்டாமென்று, அவர் குப்பியிலும் தன்னுடையதையே வைத்துக் கொடுத்தாள். அது தெரிந்து அவரும் சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நர்ஸ் இருவரையும் அழைத்தாள்.

"ரெண்டு பேருக்குமே ரத்தம் இருக்குங்க. புத்துநோயான்னு குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடணும்."

இரண்டும் மரகதத்துடையது. உண்மையைச் சொல்ல சிங்காரம் வாயெடுத்தார். மரகதம் அவர் கையை அழுத்தினாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"இந்த டெஸ்டுக்காவது மாட்டேன்னு சொல்லாம வாங்க" என்றாள் மரகதம்.

வெளிறிய அவர் முகத்தைப் பார்த்த நர்ஸ், "பயப்படாதீங்கய்யா, உங்களுக்கு ஒண்ணும் இருக்காது" என்றாள்.

மரகதத்துக்கும் அதையே சொல்லமாட்டாளா என்று, சிங்காரம் நர்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.