லாஸ்ட் ஷிப்ட்

சீட்டில் ஒரே ஒரு வரிதான், அதுவும் இங்கிலீஷில்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். லாஸ்ட் ஷிப்ட் விஷயமாக மதியம் வந்து பார்க்கச் சொல்லி, சூப்பர்வைசர் எழுதியிருந்தார்.

லாஸ்ட் என்றால் கடைசி. கடைசி ஷிப்ட். அவ்வளவுதான், வேலை போச்சு.

மகள் காலையில் சாப்பிடாமல் போய் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று நேற்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். பிள்ளையைத் தேற்றி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். அது தெரிந்த ஒரே ஆள், எதிர் மேசையில் துணி மடிக்கும் நாத்தனார்.

அந்த நாத்தனார்தான் இன்று வந்ததும் வராததுமாக சூப்பர்வைசர் அறைக்குள் போய் வந்தாள்.

போட்டுக் கொடுத்துவிட்டாள். வேறென்ன? கெஞ்சிக் கூத்தாடி அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதற்கு நல்ல கைம்மாறு.

"அண்ணி, சாப்பிட வரலையா?"

"நீ வயிறாரச் சாப்பிடு. உனக்கென்ன குறை?"

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் மேசைமேல் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கடைசி ஷிப்ட்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிக்கும் அதே வார்த்தைதான், போனதுக்கும் அதே வார்த்தைதான் என்றார். லாஸ்ட் வீக் என்றால் போன வாரம்தானே? அந்த மாதிரி இது போன ஷிப்ட், நேற்று பார்த்த ஷிப்ட். இனிமேல் ஆளைக் கூப்பிட்டே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்தது. கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து நீங்க வெளியே போனது கேட் ரிஜிஸ்டர்ல பதிவாகியிருக்கும்மா. அந்த ஒரு மணி நேரத்துக்கு லீவு எழுதியாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எனக்குத்தான் லீவே மிச்சமில்லையே சார்?"

அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க நாத்தனாரோட லீவும்மா. காலையில வந்து அவங்க கணக்குலேர்ந்து உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்க. அண்ணிக்குத் தெரிய வேணாம், ரோஷக்காரங்க, வாங்கிக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."