இறக்கத்து விசில்

மேல் வளைவில் மலை ரயிலின் விசில் நீளமாக ஒலித்தது.

கொடியிலிருந்து இடது கையால் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

இன்றைக்கு அடி உண்டு.

அந்த வளைவில் விசில் தேவையே இல்லை. கோபம் தலைக்கேறிய நாட்களில் மட்டும் அவன் அங்கே சும்மா இழுப்பான். மலையடிவாரத்துக் குவார்ட்டர்ஸில் நின்று அதைக் கேட்டே ஏறக்குறைய ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். விசில் கேட்டதும் முன்னறையில் இருக்கிற பித்தளைச் சொம்பை உள்ளே கொண்டுபோய் ஒளித்து வைப்பாள். ஒருமுறை அதுதான் அவன் கைக்கு அகப்பட்டது.

அவள் புருஷன் நஞ்சப்பன் அந்தக் கரி எஞ்சினின் டிரைவர். குடிக்கிறவன் அல்ல. குடித்திருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

கல்யாணமாகி வந்தது தை மாதம். பனியில் எஞ்சினுக்கு ஆவி ஏறவில்லை. வண்டி தாமதமானதற்கு மேலதிகாரி நாலு பேர் முன்னால் ஏசினார்.

அன்றைக்கு முதல் அறை.

மே மாதம் சீசன். சுற்றுலா வந்தவர்கள் எஞ்சினோடு அவனையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவன் சிரிப்பு எத்தனையோ பேர் வீட்டுக்குப் போனது. இவள் வீட்டுக்கு வந்தது அவன் இடுப்பு பெல்ட்.

ஆடிக் காற்றில் மரம் முறிந்து தண்டவாளத்தில் விழுந்தது. வண்டி நடுவழியில் நின்றது. அன்றைக்கு அவளுக்கு ஒரு பல் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு எல்லாம் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள், புண்ணியவதிகள்.

ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் குளிப்பாட்டினான். சந்தனம் வைத்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். எல்லாம் முடிந்ததும் அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான், தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைக்கு மெதுவாகத் தொடவும் தெரிந்திருக்கிறது.

அவள் அண்ணன் மயில்சாமிக்கும் அதே வண்டியில்தான் வேலை. மலை ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் உண்டு. இறக்கத்தில் எஞ்சின் முன்னால் இறங்கும். பெட்டிகள் பின்னாலிருந்து அதன்மேல் சாயும். டிரைவர் ஒரு சின்ன விசில் கொடுத்தால், ஒவ்வொருவனும் தன் பெட்டியின் பிரேக்கைக் கையால் இறுக்கவேண்டும்.

எஞ்சினை ஒட்டிய பெட்டி மயில்சாமியுடையது.

ஒருநாள் அவன் நஞ்சப்பனிடம், தங்கச்சியை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டுப் பார்த்தான்.

"எங்க வீட்டு விசயம் மச்சான். நீ பிரேக்கைப் பாரு" என்றான் நஞ்சப்பன்.

மயில்சாமி பிரேக்கைப் பார்த்தான். தங்கையை அடித்த கை விசில் கொடுத்தது. இவன் இறுக்கினான். தினமும் இறுக்கினான்.

ஐப்பசியில் மண் சரிந்தது. பாதை மூடியது. ரயிலும் இல்லை, விசிலும் இல்லை. நஞ்சப்பன் நாள் முழுக்க வீட்டில் கிடந்தான். எப்போது அடி விழும் என்று தெரியாமலே விழுந்தது. அவள் வலது மணிக்கட்டு முறிந்தது அப்போதுதான்.

அண்ணன் வந்து மாவுக்கட்டைப் பார்த்தான். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனான்.

பாதை திறந்து, இன்றைக்குத்தான் முதல் வண்டி.

துணி இன்னும் கையில் இருந்தது. வண்டிக்கு இனி ஒரே ஒரு இறக்கம். அதற்கப்புறம் பாக்குத் தோப்பு, ஸ்டேஷன்.

சின்னதாக ஒரு விசில். பிரேக் பிடிக்கச் சொல்லி.

மறுபடி ஒன்று.

அவள் நிமிர்ந்தாள். அங்கே இரண்டாம் முறை விசில் கேட்டதே இல்லை.

மூன்றாவது. பிறகு விடாமல், மூச்சு வாங்காமல்.

அது கோபம் இல்லை. பயம் எப்படிக் கத்தும் என்று அவளுக்குத் தெரியாதா?

அண்ணன் பிடிக்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் சந்தோஷம். கத்தட்டும். சாகட்டும்.

அடுத்த மூச்சில், பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அண்ணனும் அந்தப் பெட்டியில்தானே.

"புடிண்ணா" என்று முனகினாள். "அண்ணா, புடி."

விசில் கத்தியது.

இரும்போடு இரும்பு உரசிக் கிறீச்சிட்டது. தோப்புக்குள்ளிருந்து காக்கைகள் எழும்பிப் பறந்தன. காந்தல் வாடை குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்தது.

வண்டி மெதுவாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. கடைசி இறக்கம் ஜோராக இருந்ததென்று பயணிகள் கைதட்டினார்கள்.

அவள் துணியை மடித்து வைத்தாள். சோறு வடித்தாள். சொம்பை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

நஞ்சப்பன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தான். சொம்பைத் தூக்கிக் குடித்தான். பாதி தண்ணீர் சட்டையில் போயிற்று.

"உங்கண்ணன் இன்னிக்கு என்ன பண்ணுனான் தெரியுமா?"

அவள் தட்டு வைத்தாள்.

"ஒரு ரிப்போர்ட் எழுதிப் போட்டேன்னா அவன் வேலையே போயிரும்."

"எழுதிப் போடுங்க. ஏன் புடிக்கலன்னு ஆபீசர் கேட்டா அண்ணன் சொல்லுமுங்க."

கட்டுப் போட்ட கையால் தட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சோறு போட்டாள். அவன் அந்தக் கட்டையே பார்த்தான். வலது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"சாப்பிடுங்க. நாளைக்கும் அண்ணனுக்குத்தானுங்களே டூட்டி?"