பின்வாசலில் வந்தவள்

"அந்தப் படத்துல செஞ்ச மாதிரியே நாமும் செஞ்சிடலாம், வேணி" என்றான் பொன்னுதுரை.

"எந்தப் படம்? மருமகளே சமையல்காரி வேஷம் போட்டு மாமியார் வீட்டுக்குப் போவாளே, அதுவா? எனக்குப் பிடிக்கவே இல்ல."

"கொட்டகையே விழுந்து விழுந்து சிரிச்சுது. உனக்குப் பிடிக்கலையா?"

"கட்டின பொண்டாட்டி எதுக்குப் பின்வாசல் வழியா வரணும்? ரசம் வச்சுத்தான் அவ மருமகள்னு பேர் வாங்கணுமா? மகன்காரன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"ஒரே மாசம். உன் கைப்பக்குவத்துல அம்மா மயங்கினதும் நானே சொல்லிடுவேன். கடைசியில எல்லாரும் சிரிக்கப் போறோம், பாரு."

கமலவேணி இந்தப் பேச்சை நினைக்காத நாளில்லை.

புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள் அவள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பொன்னுதுரை, தன் அம்மாவுக்குத் தெரியாமல் கோயிலில் அவளை மணந்துகொண்டான். தோட்டத்துப் பெண் மருமகளாக வாசல்படி ஏறக்கூடாது என்று அம்மா பூங்காவனம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால், "சமைக்க ஆள் கிடைச்சுதும்மா" என்று சொல்லித்தான் காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்தான்.

அவள் வந்த இருபதாம் நாள், போரில் ஊரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பான்காரர்கள் இலவசமாகப் படம் காட்டப்போவதாக அறிவித்தார்கள். படப் பைத்தியமான பொன்னுதுரை போகாமல் இருப்பானா? கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டினார்கள். ஆண்களை லோரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அவன் போய் இரண்டு வருடமாயிற்று. கமலவேணி இன்னும் சமையல்காரிதான். மகனைப் பிரிந்து தவிக்கிறவளிடம் போய், 'நான் உங்க மருமகள்' என்று எப்படிச் சொல்வது? அவர் வந்து சொல்லட்டும் என்று இருந்தாள்.

"என் மகன் வரட்டும்டி. நகைக்கடைக்காரர் பொண்ணைக் கட்டி வைக்கிறேன். நீதான் அவளுக்கும் சேர்த்துச் சமைக்கணும்" என்பாள் பூங்காவனம்.

"சமைச்சுட்டாப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி திரும்பிக்கொள்வாள்.

எப்போதாவது அரிசி கிடைத்தால், கஞ்சியை அவள் பக்கமே தள்ளிவிடுவாள் பூங்காவனம். "எனக்குக் கிழங்கே போதும். நீ தெம்பா இருந்தாத்தானே எனக்கு வேளாவேளைக்கு ஆக்கிப் போடுவே?"

இன்று காலை, வேலியோரம் ஒரு மனிதர் வந்து நின்றார். காலில் பெரிய புண். எலும்பும் தோலுமாக இருந்தார்.

"நீங்கதானே பொன்னுதுரை சம்சாரம்? நான் தேவதாஸ். சயாம்ல அவனும் நானும் ஒரே கொட்டாய்ல படுத்திருந்தோம்."

"மெதுவா பேசுங்க அண்ணே!" பதறினாள். "அவர் எங்கே? எப்ப வர்றார்?"

தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "அங்கே போன மூணாம் மாசமே... வாந்திபேதிம்மா. நான்தான் மண்ணு தள்ளினேன்."

வேலிக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதால் உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடும். மகன் வருவான் என்ற ஒரே நம்பிக்கையில் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறவள்.

"அவங்க அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க அண்ணே. தாங்க மாட்டாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமலே நொண்டிக்கொண்டு போய்விட்டார்.

கமலவேணி முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். மரவள்ளிக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.

"யாருடி வந்தது?" கூடத்திலிருந்து பூங்காவனம் கேட்டாள்.

"கிழங்கு விக்கிறவரும்மா. வேணாம்னு அனுப்பிட்டேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"புகைம்மா."

"அடுப்பையே இன்னும் பத்த வைக்கல. புகை எங்கேருந்து வந்துச்சு?"

கமலவேணி கிழங்கை இன்னும் வேகமாகச் சீவினாள். பூங்காவனம் மெல்ல நடந்து வந்து, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தேவதாஸ் பத்து நாளைக்கு முன்னாடியே கோயில்ல என்னைப் பார்த்துச் சொல்லிட்டான். உன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான் அவனையே அனுப்பினேன்."

"என்கிட்ட எதுக்கும்மா? நான் வெறும் சமையல்..."

"நீ வந்த மூணாம் நாள் பொரியலைக் கரியவிட்டே. என் மகன் அதை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னான். அன்னைக்கே தெரியும்டி எனக்கு. அவன் வாயால சொல்லட்டும்னு பார்த்தேன். அவன் போன பிறகு, நீயாவது சொல்லுவேன்னு நகைக்கடைப் பொண்ணைச் சொல்லிச் சொல்லிச் சீண்டினேன். நீயும் வாயைத் திறக்கல. எனக்கும் வீம்பு, நானா கேக்கல."

பூங்காவனம் அவள் தோளைப் பற்றினாள்.

"இன்னைக்குக் கேக்கிறேன். ரவிக்கைக்குள்ள மறைச்சு வச்சிருக்கியே, அந்தத் தாலியை வெளியே எடுத்துப் போடும்மா. அதைக் கழற்றுறதுக்கு முன்னாடி, என் மருமகளை நான் ஒரே ஒரு தடவை கண்ணாரப் பார்த்துக்கிறேன்."