கறுப்புப் பேனா

“அதையும் அடி,” என்றார் சபை மூப்பர் லுப்பர்ட்.

நான் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். தாளுக்குக் கொண்டுபோகவில்லை.

சனிக்கிழமை மதியம். தேவாலயத்தின் பின்னறையில் நாங்கள் இருவர் மட்டும். திங்கட்கிழமை சபை நூலகத்தின் அலமாரிக்குப் போகவேண்டிய நாவல்கள் மேசையில் கிடந்தன. தேவனுடைய பெயரை வீணாகச் சொல்லும் இடங்களைக் கறுப்பு மையால் மறைத்த பிறகுதான் எங்கள் ஊரில் ஒரு கதைப்புத்தகம் வாசிப்பவர் கைக்குப் போகும்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை. ஆனால் இந்த அறையின் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தத் துறைமுகத்தையும் கடலையும் தவிர எனக்கு வேறு நாடு இல்லை.

காலையிலிருந்து ஒரு துப்பறியும் கதையை அடித்துக்கொண்டிருந்தேன். அதில் வண்டியை இடித்தவனும் சீட்டாட்டத்தில் தோற்றவனும் அந்தப் பெயரை எச்சில் மாதிரி துப்பினார்கள். அவர்களுக்கு என் பேனா தயங்கவில்லை. கறுப்புப் பட்டைகளை என் தம்பி சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவான் என்பது வேறு விஷயம்.

லுப்பர்ட் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“கொலைகாரன் யாருன்னாவது இனிமே தெரியுமா?”

“தெரியும். அவன் என்ன பேசினான்னுதான் தெரியாது.”

சிரித்தார். தானும் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு, பிரசங்கத்தின் நடுவே நீட்டுவதுபோல எனக்கும் ஒன்றை நீட்டினார்.

அடுத்து எடுத்தது ஐஸ்லாந்து மொழியிலிருந்து எங்கள் டச்சுக்கு வந்த நாவல். உறைந்த ஏரி. பனிக்கட்டி உடைந்து ஒரு சிறுமி உள்ளே போய்விடுகிறாள். அப்பன் அவளை வெளியே இழுத்துவிடுகிறான். ஆனால் அவள் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்தின் நடுவில், தனி வரியாக, அவன் சொல்லும் ஒரே சொல். லுப்பர்ட் அடிக்கச் சொன்னது அதைத்தான்.

கடவுளே.

“இது வசவு இல்ல மூப்பரே. ஜெபம்.”

“ஜெபமா? இந்த ஆளு புத்தகம் முழுக்க ஒரு ஆராதனைக்குப் போகல. கை கூப்பல, கண்ண மூடல, ஆமென் சொல்லல. வாய்ல வந்தத கொட்டிட்டான். அதுக்குப் பேரு ஜெபமா?”

“ரெண்டு கையிலயும் பிள்ளைய வச்சிருக்கான். எதக் கூப்புவான்?”

அவர் பெப்பர்மின்ட்டைக் கடித்தார். எங்கள் ஊரில் யாரும் அதைக் கடிப்பதில்லை, கரையவிடுவோம். பிரசங்கங்கள் நீளமானவை.

“இங்க பாரு ஹில்லி. இவனுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். இது வசவு, இது ஜெபம்னு பிரிச்சுப் பாக்க நீ யாரு?”

“அதுக்குத்தானே நம்மள இங்க உக்கார வச்சிருக்காங்க? பேரு வர்ற இடமெல்லாம் அடிக்கிறதுன்னா ஒரு மெஷின் போதுமே.”

“வாய் நீளுது. அடி. இல்ல, சாவிய வச்சிட்டுக் கெளம்பு.”

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் பேனாவையும் வைத்தேன். ஐஸ்லாந்தும், இன்னும் நான் போகாத மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொள்வது கேட்டது.

“நீங்களே அடிங்க. என் கையால மாட்டேன்.”

பேனாவை எடுத்தார். அந்தச் சொல்லுக்கு மேலே கொண்டுபோனார். முனையின் நிழல் அதன்மேல் விழுந்தது. அங்கேயே நின்றது.

“மூடி எங்க?” என்றார். “மை காயுது.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகங்களைத் தள்ளித் தேடினார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, மேசைக்கடியில் தலையை நுழைத்தார்.

மூடி என் உள்ளங்கையில் இருந்தது. நான் சொல்லவில்லை.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் தேடும் சத்தமும் நின்றுவிட்டது.

“மாமா,” என்றேன். அவர் மூப்பர் ஆவதற்கு முன்பு அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் மகன் ரீகெல்ட்டும் நானும் ஒரே வகுப்பு.

“அன்னைக்கு நானும் துறையிலதான் நின்னேன், மாமா.”



ரீகெல்ட்டை மூச்சில்லாமல் தண்ணீரிலிருந்து தூக்கிய நாளில் அவர் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். துறை முழுக்கக் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையின் முன்னால் எழுந்து நின்று, தேவனுடைய பெயரை வீணாகச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த வாரம் அவரே ஒரு கறுப்புப் பேனா வாங்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தார். அதுவரை எங்கள் நூலகத்தில் யாரும் எதையும் அடித்ததில்லை.

அன்று துறையில் அவரும் கை கூப்பவில்லை. கைகளில் ரீகெல்ட் இருந்தான்.

மேசையின் மேல் பேனா திறந்தபடியே கிடந்து காய்ந்துகொண்டிருந்தது.

மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.