தோல் மூட்டை

“அந்த மூட்டையை வாசலோட திருப்பி அனுப்புங்க அண்ணி! அவன் கை பட்டது எதுவும் நமக்கு வேண்டாம்.”

நாத்தனார் போட்ட சத்தத்தில், மூட்டையை இறக்கிய வேன் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

அண்ணியான டீச்சர் அசரவில்லை. மூட்டையைப் பிரித்தாள். ஜூஸ் கடைகளில் பிழிந்து போட்ட ஆரஞ்சுத் தோல். அதைக் கழுவி, காயவைத்து, இடித்து, மணலோடு அடுக்கடுக்காக டிரம்மில் போட்டால் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுப்பவள், தெருவுக்கே செய்து காட்டிவிட்டாள். இப்போது எல்லா வீட்டிலும் குடிப்பது டிரம் தண்ணீர்தான்.

தோலைச் சேகரித்துத் தினமும் வேனில் அனுப்புகிறவர் தெருக்கோடி பேட்டரிப் பட்டறைக்காரர். பழைய பேட்டரிகளை உடைத்துக் கழுவிய தண்ணீரைப் பின்பக்கக் குழியில் விட்டு, கிணற்றைக் கெடுத்தவரும் அதே மகானுபாவர்தான்.

“மனுஷன் திருந்தக் கூடாதா? டிரம் வாங்கிக் கொடுத்தார், மோட்டார் போட்டுக் கிணத்துத் தண்ணியை நேரா டிரம்முக்கே ஏத்தினார். குழந்தைங்க விழுந்துடப் போகுதுன்னு கிணத்தைச் சிமென்ட் பலகை போட்டு மூடினார். இன்னும் என்னதான் செய்யணும்கறே?”

“குழியை மூடணும் அண்ணி. என் பொண்ணு ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க? நேத்து சொல்லிக் கொடுத்தது இன்னைக்கு அவளுக்கு ஞாபகம் இல்ல.”

“அதுக்குத்தானே நான் இந்த டிரம்மோட மல்லுக்கட்டறேன்?”

“உங்களைக் குறை சொல்லல. என் புகாருக்கு நாளைக்கு அதிகாரி வர்றார். ஒரு பாட்டில் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணட்டும், பட்டறைக்குப் பூட்டு விழுந்துடும்.”

அதிகாரி வருகிறார் என்றதும் டீச்சருக்குக் கை சும்மா இருக்கவில்லை. விருந்தாளி என்றால் வீட்டைப் பெருக்கித் துடைக்கிற சுபாவம். பழைய தோலை அள்ளிவிட்டுப் புதுசாக நிரப்பினாள். டிரம்மையும் பளபளவென்று தேய்த்து வைத்தாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். கூடவே, சிரித்த முகமாகப் பட்டறைக்காரர்.

அதிகாரி நேராக டிரம்மிடம் போய், குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்தார்.

“சார், அது வடிகட்டின தண்ணி! கிணத்துலேருந்து எடுங்க!” நாத்தனார் பதறி ஓடிவந்தாள்.

“கிணறுதான் மூடியிருக்கேம்மா. ஜனங்க குடிக்கிற தண்ணியைத்தான் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க குடிக்கிறது இதுதானே?”

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கொஞ்சம் இருங்க சார், பலகையை உடைச்சுத் தரேன்...”

“எனக்கு இன்னும் நாலு இடம் போகணும்மா.”

பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தண்ணீரில் ஈயம் இல்லை. புகார் தள்ளுபடி.

நாத்தனார் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. யாரைச் சபிப்பது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் பட்டறைக்காரரே வாசலில் வந்து நின்றார்.

“தங்கமான கை டீச்சர் உங்களுக்கு! நீங்க மட்டும் இல்லேன்னா என் பட்டறையை என்னைக்கோ இழுத்து மூடியிருப்பாங்க” என்றார், மனதார. “நாளையிலேருந்து தினம் ரெண்டு மூட்டை தோல் அனுப்பறேன். பட்டறையைப் பெருசாக்கறேன்ல!”